கேம்பர் வேன்ல யெல்லோஸ்டோன் போறீங்களா? நடுவுல உடம்பு சரியில்லைன்னா இதையெல்லாம் கவனிங்க!

ஆறு மாசத்துக்கு முன்னாடியே கேம்ப்சைட் புக் பண்ணியாச்சு. லீவ் சொல்லியாச்சு. நாலு பேர் காசு போட்டு கேம்பர் வேனும் வாடகைக்கு எடுத்தாச்சு. அமெரிக்காவில் படிக்கிற, வேலை பார்க்கிற நம்ம ஊர்ப் பசங்க பலருக்கு சம்மர் வந்தாலே இப்படி ஒரு பிளான் இருக்கும். யெல்லோஸ்டோன் தேசியப் பூங்கா அந்த லிஸ்ட்டில் கண்டிப்பா இருக்கும்.

பூங்காவுக்குள் போன இரண்டாவது நாள் காலையில் எழுந்திருக்கும்போதே தலை கனக்கிறது, வயிற்றைப் புரட்டுகிறது, கை கால் அசதி என்று வைத்துக்கொள்ளுங்கள். 'ஒரு மாத்திரையைப் போட்டுட்டு கிளம்பிடலாம்'னுதான் முதலில் தோன்றும். கட்டின காசு போயிடுமே, மத்தவங்க ட்ரிப்பும் கெட்டுடுமே என்ற கவலை வேறு.

ஹோட்டல் என்றால் ரூமிலேயே படுத்துக்கொள்ளலாம், நண்பர்கள் சுற்றிவிட்டு வருவார்கள். கேம்பர் வேனில் அது முடியாது. நீங்கள் படுத்திருக்கிற அறையைத்தான் யாராவது ஓட்டிக்கொண்டு போக வேண்டும். படுக்கை, அடுப்பு, சாப்பாடு, குப்பைப்பை எல்லாமே நாலு எட்டு தூரத்துக்குள் இருக்கும்.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. யெல்லோஸ்டோன் மாதிரி இடத்தில், வேனுக்குள் வருகிற தலைவலிக்கும் குமட்டலுக்கும் குறைந்தது நான்கு காரணங்கள் இருக்கலாம். வெளியில் பார்க்க எல்லாம் ஒரே மாதிரிதான் தெரியும். ஆனால், ஒவ்வொன்றுக்கும் செய்ய வேண்டியது வேறு. அதில் ஒன்று, 'கொஞ்ச நேரம் தூங்கினா சரியாயிடும்' என்று கதவைச் சாத்திக்கொண்டு படுத்தால் உயிரையே எடுத்துவிடும். அதனால் மாத்திரைக்கு முன்னாடி காரணம் என்னவென்று பார்க்க வேண்டும்.

முதலில், யெல்லோஸ்டோன் எப்படிப்பட்ட இடம்?

1872-ல் அறிவிக்கப்பட்ட உலகின் முதல் தேசியப் பூங்கா இது. பரப்பளவு கிட்டத்தட்ட 9,000 சதுர கிலோமீட்டர். பெரும்பகுதி வயோமிங் மாநிலத்தில் இருக்கிறது. மொன்டானா, ஐடஹோ மாநிலங்களிலும் கொஞ்சம் நீள்கிறது.

உடம்புக்கு முடியாதவர் தெரிந்துகொள்ள வேண்டியது மூன்று விஷயங்கள்.

ஒன்று, உயரம். பூங்காவின் பெரும்பகுதி கடல் மட்டத்திலிருந்து 2,275 மீட்டருக்கு மேல் இருக்கிறது. யெல்லோஸ்டோன் ஏரி 2,357 மீட்டர் உயரத்தில் உள்ளது. நம்ம ஊட்டி சுமார் 2,240 மீட்டர். அதாவது, ஊட்டியைவிடக் கொஞ்சம் உயரமான இடத்தில்தான் ராத்திரி தூங்கப் போகிறீர்கள்.

இரண்டு, தூரம். பூங்காவின் முக்கிய இடங்களை இணைக்கும் 'கிராண்ட் லூப்' சாலை 8 வடிவத்தில் 142 மைல், அதாவது சுமார் 228 கி.மீ. உச்சபட்ச வேகம் பெரும்பாலான இடங்களில் மணிக்கு 45 மைல். அந்த வேகத்தில்கூடப் போக முடியாது. காட்டெருமைக் கூட்டம் ரோட்டை மறித்து நின்றால் அது நகரும் வரை நீங்களும் நிற்க வேண்டியதுதான்.

மூன்று, சிக்னல். பூங்காவின் பெரும்பகுதியில் மொபைல் சிக்னல் கிடைக்காது. 'அப்போ கூகுள் பண்ணிப் பார்த்துக்கலாம்' என்ற எண்ணம் இங்கே எடுபடாது.

இது எந்தத் தலைவலி?

கிளம்பும்போதே ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். காரணத்தைக் கண்டுபிடிக்க முதலில் உதவுவது அதுதான். தலைவலியும் குமட்டலும் வந்ததும் உங்களையே நாலு கேள்வி கேளுங்கள்.

காய்ச்சல் இருக்கிறதா? இருந்தால் ஃப்ளூ, கோவிட் மாதிரி ஏதாவது தொற்றாக இருக்கத்தான் அதிக வாய்ப்பு. உயரத்தாலோ கார்பன் மோனாக்சைடாலோ வருகிற தலைவலியில் பொதுவாகக் காய்ச்சல் இருக்காது.

வேனில் இருக்கிற எல்லாருக்கும் ஒரே நேரத்தில் தலை வலிக்கிறதா? வெளியே போனால் குறைந்து, உள்ளே வந்தால் திரும்ப வருகிறதா? அப்படியென்றால் கார்பன் மோனாக்சைடைச் சந்தேகப்படுங்கள்.

மேலே ஏறி ஒரு நாள்தான் ஆகிறதா? பசி இல்லை, தூக்கம் சரியில்லை, காய்ச்சலும் இல்லையா? இது உயரத்தால் வருவதாக இருக்கலாம்.

நேற்று முழுக்க எவ்வளவு தண்ணீர் குடித்தீர்கள்? சிறுநீர் அடர் மஞ்சளாகப் போகிறதா? காற்று ரொம்ப வறண்ட இடம் இது. இருட்டில் கேம்ப்கிரவுண்ட் பாத்ரூமுக்கு நடக்கக் கரடி பயம் வேறு. அதனாலேயே பலர் சாயங்காலத்துக்கு மேல் தண்ணீரைக் குறைத்துவிடுவார்கள். மறுநாள் காலையில் தலைவலியோடுதான் எழுந்திருப்பார்கள்.

இனி ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். ஆபத்து அதிகமானதிலிருந்து ஆரம்பிப்போம்.

கார்பன் மோனாக்சைடு: வாசனையே இல்லாத விஷம்

யெல்லோஸ்டோனில் ஜூலை மாதத்தில்கூட ராத்திரி குளிர் உறைநிலை வரைக்கும் இறங்கலாம். உடம்பு சரியில்லாதவருக்குக் குளிர் இன்னும் அதிகமாகத் தெரியும். 'பாவம் நடுங்குறான், கொஞ்ச நேரம் அடுப்பைப் பத்தவெச்சு விடலாம்' என்று யாராவது சொல்வார்கள். இந்த அக்கறைதான் ஆபத்தில் முடியும்.

கேஸ் அடுப்பு, கையில் தூக்கிப் போகிற கேஸ் ஹீட்டர், கரி அடுப்பு, ஜெனரேட்டர், வேனின் இன்ஜின் என எது எரிந்தாலும் கார்பன் மோனாக்சைடு வரலாம். இந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் ஒட்ட வேண்டிய இடத்தில் இது போய் ஒட்டிக்கொள்ளும். தலைவலி, தலைசுற்றல், குமட்டல், அசதி என ஃப்ளூ மாதிரியே ஆரம்பிக்கும். தூங்குகிறவருக்கு இந்த அறிகுறிகள் தெரியாமலேயே உயிர் போய்விடலாம். ஏற்கெனவே உடம்பு சரியில்லாதவர் என்றால், 'காய்ச்சல் அசதிதான்' என்று பக்கத்தில் இருப்பவர்களும் விட்டுவிடுவார்கள்.

கோவிட் காலத்தில் வாங்கின பல்ஸ் ஆக்ஸிமீட்டர் இருக்கிறதே, அதில் பார்த்துக்கலாமே என்று நினைக்க வேண்டாம். சாதாரண ஆக்ஸிமீட்டருக்கு ஆக்சிஜனுக்கும் கார்பன் மோனாக்சைடுக்கும் வித்தியாசம் தெரியாது. உயிருக்கு ஆபத்தான நிலையிலும் 98 என்று காட்டலாம்.

அதனால், வேனை வாடகைக்கு எடுக்கும்போதே கார்பன் மோனாக்சைடு அலாரம் எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். டெஸ்ட் பட்டனை அழுத்தி, சத்தம் வருகிறதா என்று அங்கேயே பாருங்கள். இல்லாவிட்டால் பேட்டரியில் ஓடுகிற ஒன்றை நீங்களே வாங்கிக்கொள்ளுங்கள். ராத்திரி அது கத்தினால், தொல்லை என்று பேட்டரியைக் கழற்றக் கூடாது. எல்லாரும் உடனே வெளியே வர வேண்டும். யாருக்காவது தலைவலி, மயக்கம், குழப்பம் இருந்தால் 911-ஐ அழையுங்கள்.

குளிருக்கு இன்னொரு ஸ்லீப்பிங் பேக், உல்லன் தொப்பி, சாக்ஸ், சுடுதண்ணீர் ஊற்றி இறுக்கமாக மூடிய பாட்டில் போதும். வேனிலேயே பொருத்தப்பட்ட, புகை வெளியே போகும்படி செய்த ஹீட்டர் இருந்தால் கம்பெனி சொன்னபடி பயன்படுத்தலாம். சமைக்கும் அடுப்பை ஹீட்டராகப் பயன்படுத்தவே கூடாது.

உயரத்தால் வருகிற நோய்: இறங்கினால் குறையும்

கடல் மட்டத்தில் இருக்கிற ஊரிலிருந்து ஒரே நாளில் விமானம், வேன் என்று மாறி 2,300 மீட்டருக்கு வந்து படுத்தால் சிலருக்கு உடம்பு ஏற்றுக்கொள்ளாது. போய்ச் சேர்ந்த 2 முதல் 12 மணி நேரத்துக்குள், பெரும்பாலும் முதல் ராத்திரியில், தலைவலி ஆரம்பிக்கும். கூடவே பசியின்மை, குமட்டல், அசதி. நைட் பார்ட்டி ஹேங்ஓவர் மாதிரி இருக்கும் என்று சொல்வார்கள். ஜிம் பாடிக்கு வராது என்றெல்லாம் இல்லை. யாருக்கு வரும் என்பதை உடற்கட்டை வைத்துச் சொல்ல முடியாது.

பெரும்பாலும் ஒன்றிரண்டு நாளில் தானாகவே சரியாகிவிடும். அதுவரை இன்னும் மேலே ஏறக் கூடாது. ஓய்வு எடுங்கள், தண்ணீர் குடியுங்கள், தலைவலிக்குப் பாராசிட்டமால் போடலாம். முதல் 48 மணி நேரம் பீர், ஒயின் எதுவும் வேண்டாம். 3,122 மீட்டர் உயரமுள்ள மவுன்ட் வாஷ்பர்ன் ட்ரெக்கிங்கை இன்னொரு நாளைக்குத் தள்ளிப்போடுங்கள்.

குறையவில்லை, கூடிக்கொண்டே போகிறது என்றால் இறங்கிவிடுங்கள். 300 மீட்டர் இறங்கினாலே பலருக்கு வித்தியாசம் தெரியும். எந்தப் பக்கம் இறங்குவது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. பூங்காவின் வடக்கு வாசலை ஒட்டிய கார்டினர் ஊர் சுமார் 1,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏரிப் பகுதியிலிருந்து அங்கே போனால் 750 மீட்டர் இறங்கியிருப்பீர்கள். கிழக்கே இருக்கிற கோடி என்ற ஊர் அதைவிடத் தாழ்வானது. ஆனால், அங்கே போகிற வழியில் 2,598 மீட்டர் உயரமுள்ள சில்வன் கணவாயைத் தாண்ட வேண்டும். இறங்கப் போகிறவர் முதலில் ஏற வேண்டியிருக்கும். மேப்பில் தூரத்தோடு உயரத்தையும் பாருங்கள்.

சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது, நேர்கோட்டில் நடக்க முடியாமல் தள்ளாடுவது, பேச்சு குழறுவது, சம்பந்தமில்லாமல் உளறுவது போன்றவை இருந்தால் காத்திருக்கக் கூடாது. இந்த உயரத்தில் அது அரிதுதான். வந்துவிட்டால் அவசர உதவி தேவை.

காய்ச்சல், சளி: மாத்திரையில் ஒரு கணக்கு இருக்கு

நம்ம ஊரில் பாராசிட்டமால் என்று சொல்வதை அமெரிக்காவில் அசிட்டமினோஃபென் என்பார்கள். டைலெனால் என்பது அதன் பிரபலமான பிராண்டு. இது தெரியாததால் வருகிற சிக்கல் ஒன்று உண்டு. ஊரிலிருந்து கொண்டுவந்த டோலோ 650 ஒன்று போட்டிருப்பீர்கள். நண்பர் டைலெனால் ரெண்டு கொடுப்பார். ராத்திரி சளிக்கு என்று கடையில் வாங்கின சிரப்பிலும் அதே மருந்து இருக்கும். மூன்றும் வேறு வேறு பெயர், உள்ளே ஒரே மருந்து. ஆரோக்கியமான பெரியவர்களுக்கு எல்லா வழியிலும் சேர்த்து 24 மணி நேரத்தில் 4,000 மில்லி கிராம் என்பதுதான் உச்சவரம்பு. அதைத் தாண்டினால் கல்லீரலுக்கு ஆபத்து. அட்டையில் அதைவிடக் குறைவான அளவு போட்டிருந்தால் அதைத்தான் பின்பற்ற வேண்டும். கல்லீரல் பிரச்னை இருப்பவர்கள், தினமும் மது குடிப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் போடவே கூடாது.

இரண்டாவது கணக்கு, தூக்கம். வாந்திக்கு நாம் போடுகிற அவோமின், அலர்ஜிக்குப் போடுகிற செட்ரிசின், அமெரிக்கக் கடைகளில் கிடைக்கிற பெனட்ரில் மாத்திரை எல்லாமே தூக்கத்தை வரவழைக்கலாம். இதைப் போட்டுக்கொண்டு மூன்று டன்னுக்கு மேல் எடையுள்ள வேனை மலைப் பாதையில் ஓட்டுவது, குடித்துவிட்டு ஓட்டுவதற்குச் சமம். மாத்திரை போட்டவர் அன்றைக்கு ஸ்டியரிங் பக்கமே போக வேண்டாம்.

மருந்துகளை ஊரிலிருந்து எடுத்துப் போவதாக இருந்தால், அட்டையிலிருந்து பிரிக்காமல், ஆங்கிலத்தில் எழுதிய டாக்டர் சீட்டோடு, 90 நாள்களுக்கு மேற்படாத அளவில் கொண்டுபோங்கள்.

வயிறு கெட்டால்: வேன் முழுக்கப் பரவும்

வாந்தியும் பேதியும் ஒரேயடியாக வந்தால் நோரோ வைரஸாக இருக்கலாம். தேசியப் பூங்காக்களுக்கு இது புதிதில்லை. 2022-ல் கிராண்ட் கேன்யனில் படகுப் பயணம் போனவர்கள், ட்ரெக்கிங் போனவர்கள் என 200-க்கும் மேற்பட்டவர்களுக்கு வாந்தி, பேதி வந்தது. நோரோ வைரஸ்தான் முக்கியக் காரணமாகப் பார்க்கப்பட்டது. ஒரே பாத்திரம், ஒரே கழிவறை, நெருக்கமான இடம் என்று இந்த வைரஸுக்கு என்னவெல்லாம் பிடிக்குமோ அதெல்லாம் கேம்பர் வேனில் இருக்கிறது.

இதில் பலருக்கும் தெரியாத ஒரு விஷயம், சானிடைசர் நோரோ வைரஸுக்குச் சரியாக வேலை செய்யாது. சோப்பும் தண்ணீரும்தான் ஒரே வழி. வேன் தொட்டியில் இருக்கிற தண்ணீரில் ஒரு பங்கைக் கை கழுவவே ஒதுக்கிவையுங்கள். உடம்பு சரியில்லாதவர் சமைக்கக் கூடாது. வாந்தி, பேதி நின்று 48 மணி நேரம் வரை அந்தப் பக்கம் வர வேண்டாம். அவருக்குத் தனி டம்ளர், தனி தட்டு கொடுங்கள். 'நான்தான் நல்லா ரசம் வைப்பேன்' என்று அவர் கிளம்பினாலும் விடாதீர்கள்.

பேதியில் போகிற தண்ணீரையும் உப்பையும் திரும்பக் கொடுக்க ஓ.ஆர்.எஸ். பாக்கெட் நாலைந்து வைத்திருங்கள். இல்லையென்றால் ஒரு லிட்டர் சுத்தமான குடிநீரில் 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. ஸ்பூனில் தலை தட்டி அளக்க வேண்டும். உப்பு கூடினால் ஆபத்து. கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கட்டும். தண்ணீரை, குடிநீர் என்று எழுதியிருக்கிற குழாயில் மட்டும் பிடியுங்கள். ஓடைத் தண்ணீர் பளிங்கு மாதிரி இருந்தாலும் வேண்டாம்.

கஞ்சி வைக்கப் போகிறவர்களுக்கு ஒரு தகவல். இந்த உயரத்தில் தண்ணீர் சுமார் 93 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். கொதிக்கிறதே தவிர அரிசி வேக வழக்கத்தைவிட அதிக நேரம் எடுக்கும். சின்ன பிரஷர் குக்கர் இருந்தால் சுலபம். சாப்பிட்ட மிச்சம், வாந்தி எடுத்த பை எதையும் வேனுக்கு வெளியே வைக்கக் கூடாது. வாசனைக்குக் கரடி வரும். கரடி திறக்க முடியாதபடி செய்த குப்பைத் தொட்டிகள் கேம்ப்கிரவுண்டிலேயே இருக்கும், அதில் போடுங்கள்.

வாடகை வேன்கள் பலவற்றில் கழிவறையே இருக்காது. முன்பதிவு செய்யும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். இல்லையென்றால், பேதி நிற்கும் வரை பாத்ரூம் பக்கத்தில் இருக்கிற இடத்தைவிட்டு வேனை நகர்த்தாமல் இருப்பதே நல்லது. காட்டெருமைகள் மறித்த டிராஃபிக்கில் ஒரு மணி நேரம் மாட்டிக்கொண்டால் நிலைமையை நினைத்துப் பாருங்கள்.

டாக்டர் எங்கே இருப்பார்?

பூங்காவுக்குள் மூன்று இடங்களில் கிளினிக் இருக்கிறது. வடக்கே மாமத், ஏரிக்கரையில் லேக் வில்லேஜ், மேற்குப் பக்கம் ஓல்டு ஃபெய்த்ஃபுல். மாமத் கிளினிக் வருஷம் முழுக்க இயங்கும், மற்ற இரண்டும் சீசனில் மட்டும். திறந்திருக்கும் நாள், நேரத்தைப் பூங்காவின் இணையதளத்தில் பார்த்து ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பூங்காவுக்குள் இருப்பதால் இலவசம் என்று நினைக்க வேண்டாம், கட்டணம் உண்டு.

பெரிய மருத்துவமனை வேண்டுமென்றால் வெளியே போக வேண்டும். வடக்கு வாசலிலிருந்து லிவிங்ஸ்டன், கிழக்கு வாசலிலிருந்து கோடி, தெற்கு வாசலிலிருந்து ஜாக்சன் என எல்லாமே சுமார் ஒரு மணி நேரப் பயணம். அதற்கு முன்னால் பூங்காவுக்குள் இருக்கும் இடத்திலிருந்து வாசலுக்கு வர ஆகிற நேரம் தனி. அதனால்தான் 'இன்னும் கொஞ்சம் பார்ப்போம்' என்று சாயங்காலம் வரை தள்ளிப்போடக் கூடாது. வெளிச்சம் இருக்கும்போதே முடிவெடுங்கள். இருட்டில் ரோட்டில் நிற்கிற காட்டெருமை கண்ணுக்கே தெரியாது.

அவசரம் என்றால் 911. சிக்னல் இல்லாவிட்டால் பக்கத்தில் இருக்கிற ரேஞ்சர் ஸ்டேஷன், லாட்ஜ் ரிசப்ஷன், கேம்ப்கிரவுண்ட் ஆபீஸ் எங்கே போனாலும் உதவி கிடைக்கும். ஐபோன் 14-லிருந்து வந்த மாடல்களில், சிக்னல் இல்லாத இடத்திலும் சாட்டிலைட் மூலம் அவசரச் செய்தி அனுப்பும் வசதி இருக்கிறது. வானம் நன்றாகத் தெரிகிற இடத்தில் நிற்க வேண்டும். அதன் டெமோவை வீட்டிலேயே ஒருமுறை பார்த்துவிடுங்கள். தேசியப் பூங்காக்களின் அதிகாரபூர்வ ஆப்பில் யெல்லோஸ்டோனை ஆஃப்லைனில் டவுன்லோடு செய்துகொள்ளலாம்.

ஊரிலிருந்து டூரிஸ்ட்டாகப் போகிறவர்கள் இன்ஷூரன்ஸ் இல்லாமல் போக வேண்டாம். பாலிசியில் ஆம்புலன்ஸ், ஹெலிகாப்டர் மீட்புக்குப் பணம் வருமா, ஏற்கெனவே இருக்கிற நோய்க்கு வருமா என்று படித்துப் பாருங்கள்.

யார் ஓட்டுறது, எங்கே நிறுத்துறது?

வாடகை ஒப்பந்தத்தில் பெயர் இருப்பவர் மட்டும்தான் வேனை ஓட்ட வேண்டும். 'மச்சான், எனக்கு முடியல, நீ ஓட்டு' என்று பெயர் இல்லாதவரிடம் சாவியைக் கொடுத்து, வழியில் விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் கிடைக்காமல் போகலாம். அதனால், ஆரம்பத்திலேயே இரண்டு பேர் பெயரைச் சேர்த்துவிடுங்கள். கூடுதல் கட்டணம் கேட்டாலும் இது வீண் செலவு இல்லை.

மயக்கமாக இருந்தால் சாலையோரம் வண்டி ஒதுக்க விட்டிருக்கும் இடத்தில் முழுசாக ஒதுங்கி, இன்ஜினை அணைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஓய்வெடுக்கலாம். ஆனால், ராத்திரி அங்கேயே தூங்க முடியாது. யெல்லோஸ்டோனில் இரவு தங்குவது கேம்ப்கிரவுண்டுகளில் மட்டும்தான் அனுமதி. பார்க்கிங், பிக்னிக் இடங்களிலும் கூடாது. கிளம்ப முடியாத நிலை என்றால் கேம்ப்கிரவுண்ட் ஆபீஸில் போய் உள்ளதைச் சொல்லி, இன்னொரு ராத்திரி கிடைக்குமா என்று கேளுங்கள். கரன்ட், தண்ணீர், கழிவுநீர் இணைப்பு மூன்றும் சேர்ந்து கிடைப்பது ஃபிஷிங் பிரிட்ஜ் ஆர்.வி. பார்க்கில் மட்டும்தான்.

சுமாரா இருக்கு, ஆனா பார்க்காமப் போக மனசில்ல

காய்ச்சல் இல்லை, வயிறு அடங்கிவிட்டது, லேசான சளிதான் என்றால் நாளை வீணாக்க வேண்டாம். கேம்பர் வேனின் வசதி இங்கேதான் கை கொடுக்கும். ஹேடன் பள்ளத்தாக்கில் சாலையோரம் வேனை நிறுத்தி ஜன்னல் வழியாகவே காட்டெருமைகளைப் பார்க்கலாம். அதிகாலையும் அந்தி நேரமும் நல்ல நேரம். இறங்கினால் காட்டெருமையிடமிருந்து குறைந்தது 23 மீட்டர், கரடி, ஓநாயிடமிருந்து 91 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்பது விதி. ஓட முடியாத உடம்போடு இருக்கிறவர் இறங்காமல் இருப்பதே மேல்.

ஓல்டு ஃபெய்த்ஃபுல் வெந்நீர் ஊற்று சராசரியாக ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை பீறிட்டு எழும். அடுத்தது எப்போது என்று ஆப்பிலேயே வரும். சுற்றி பெஞ்ச் போட்டிருப்பார்கள். உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்து படுத்துக்கொள்ளலாம். மற்ற வெந்நீர்க் குளங்களின் மேல் போட்டிருக்கும் மரப் பாதையில் தலைசுற்றலோடு நடக்க வேண்டாம். அழுகின முட்டை மாதிரி வருகிற கந்தக நாற்றம் குமட்டலை இன்னும் கூட்டும். 'சளிக்கு வெந்நீர்ல காலை வெச்சா இதமா இருக்குமே' என்ற ஆசையே கூடாது. பாதையைவிட்டு இறங்குவதே குற்றம். இங்குள்ள வெந்நீர்க் குளங்களில் விழுந்து இதுவரை 20-க்கும் மேற்பட்டவர்கள் இறந்திருக்கிறார்கள்.

கிளம்பும் முன்பே பேசி முடிவு பண்ணுங்க

உடம்பு சரியில்லாதவர் பெரும்பாலும் 'எனக்கு ஒண்ணுமில்ல, என்னால உங்க ட்ரிப் கெட வேணாம்' என்றுதான் சொல்வார். கூட இருப்பவர்களும் பாவம் பார்த்து அதை நம்பிவிடுவார்கள். அந்த நேரத்தில் உட்கார்ந்து விவாதிப்பது கஷ்டம். அதனால், வீட்டிலிருந்து கிளம்பும் முன்பே குரூப்பில் ஓர் ஒப்பந்தம் போட்டுக்கொள்ளுங்கள். கீழே இருப்பதில் ஒன்று நடந்தாலும், யார் என்ன சொன்னாலும் டாக்டரிடம் போகிறோம் என்று.

* மூச்சு வாங்குவது, நெஞ்சுவலி, குழப்பம், தள்ளாட்டம் (இதற்கெல்லாம் நேராக 911)
* 39.5 டிகிரி செல்சியஸைத் தாண்டும் காய்ச்சல், மாத்திரைக்கும் அடங்காத காய்ச்சல், கழுத்தை மடக்க முடியாத அளவு தலைவலி
* குடித்த தண்ணீர்கூடத் தங்காத வாந்தி, எட்டு மணி நேரமாகச் சிறுநீர் போகாமல் இருப்பது, மலத்தில் ரத்தம்
* ஒன்றுக்கு மேற்பட்டவர்களுக்கு ஒரே நேரத்தில் தலைவலி (முதலில் எல்லாரும் வேனைவிட்டு வெளியே வந்துவிடுங்கள்)

கர்ப்பிணிகள், சர்க்கரை, இதயம், ஆஸ்துமா பிரச்னை இருப்பவர்கள், குழந்தைகளோடு போகிறவர்கள் இந்த அளவுக்குக்கூடக் காத்திருக்க வேண்டாம்.

காசு போய்விடுமே என்று யோசிப்பவர்களுக்கு ஒரு தகவல். யெல்லோஸ்டோனின் வாகன நுழைவுச்சீட்டு ஏழு நாள்களுக்குச் செல்லும். இன்றைக்கு முடியவில்லை என்றால் கார்டினருக்கு இறங்கி, ஒரு மோட்டலில் ரூம் போட்டு, இரண்டு நாள் கஞ்சி குடித்துத் தூங்கி எழுந்து, அதே சீட்டோடு திரும்பவும் உள்ளே வரலாம்.